கார்ன்வால் கரையோரம்: வெள்ளீய நாட்டில் ஒரு தங்கவயல் குடும்பம்

வெள்ளி: டின்டாஜல்

ரெடிங்கிலிருந்து விடியுமுன் புறப்பட்டும், மே மாத இறுதிப் பள்ளி விடுமுறையின் நெரிசல் பிரிஸ்டலைத் தாண்டியதும் எங்களைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் கால் நீட்டிக் கிடக்கும் கார்ன்வாலுக்குப் போக ஒருசில சாலைகளே உள்ளன; ஊரெல்லாம் அதே வாரத்தில் அங்கேதான் போகிறது. ஊரிலிருந்து எங்களோடு சில மாதங்கள் தங்க வந்திருக்கும் அப்பாவும் அம்மாவும் பின்னிருக்கையில் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்திருந்தார்கள். அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் சர்வே பிரிவில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா குடியாத்தத்திலிருந்து தங்கவயலுக்குப் பிழைக்கப் போனவர். கார்ன்வால் என்ற பெயரை நாங்கள் விடுமுறை விளம்பரங்களில் கண்டு தெரிந்துகொண்டோம். அப்பாவுக்கோ அது சிறு வயதிலிருந்தே காதில் விழுந்த பெயர். 1880இல் கோலாரில் தங்கம் தோண்டும் பொறுப்பை ஏற்ற ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம், ஆழச் சுரங்க வேலை தெரிந்தவர்களை இங்கிருந்துதான் அழைத்துச் சென்றது.

டின்டாஜலில் கடலுக்குள் நீண்டிருக்கும் பாறைத் தலையின் மீது ஒரு கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. நிலத்தையும் அந்தப் பாறையையும் இணைத்த குறுகிய தரைப்பகுதி எப்போதோ சரிந்து விழுந்துவிட்டதால், பல நூற்றாண்டுகளாக மக்கள் பள்ளத்தில் இறங்கி மறுபுறம் செங்குத்தான படிகளில் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. 2019இல் நடைபாலம் திறக்கப்பட்ட பிறகு அம்மாவைப் போல் மூட்டுவலி உள்ளவர்களும் எளிதாகக் கடக்க முடிகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 57 மீட்டர் உயரத்தில் இரு கரைகளிலிருந்தும் தனித்தனியே நீளும் இரண்டு பாதிகள் நடுவில் ஒன்றையொன்று தொடாமல் நின்றுவிடுகின்றன. இடையில் உள்ள 4 சென்டிமீட்டர் இடைவெளி வழியாகக் கீழே அலையைப் பார்க்கலாம். என் மகன் அதைத் தாண்ட மறுத்து அங்கேயே உட்கார்ந்துகொண்டான். அவன் தாத்தா மட்டும், வெயிலில் எஃகு விரியும்போது இந்த இடைவெளி எவ்வளவு குறையும் என்று பாலத்துக் காவலரிடம் விசாரித்தார்.

பிரிட்டனின் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னன் இங்கேதான் தாயின் கருவில் உருவானதாக மான்மத் ஊர் ஜெஃப்ரி 12ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். இன்று நிற்கும் சுவர்கள் அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின், 1230களில், மூன்றாம் ஹென்றி மன்னரின் தம்பி ரிச்சர்டு எழுப்பியவை. போர் முறையில் பெரிய பயனில்லாத இந்த இடத்தில் அவர் கோட்டை கட்டியது, அந்தக் கதையின் பெருமை தன் பெயரோடு ஒட்டிக்கொள்ளட்டும் என்பதற்காகவே என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கதை முதலில் வந்து, கோட்டை பின்னால் வந்தது. என் மகளுக்கு இது பெரும் ஏமாற்றம். எனக்கு மண்ணுக்குள் கிடைத்ததுதான் சுவையாக இருந்தது: கி.பி. 5ஆம் நூற்றாண்டு முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான மத்தியதரைக் கடல் நாட்டு மட்பாண்டத் துண்டுகள் இங்கே ஏராளமாக அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. எண்ணெயும் திராட்சை மதுவும் ஏற்றிக்கொண்டு அவ்வளவு தொலைவு வந்த கப்பல்கள் இங்கிருந்து எதை ஏற்றிச் சென்றிருக்கும் என்ற கேள்விக்கு அறிஞர்கள் முதலில் சொல்லும் விடை வெள்ளீயம். இதைச் சொல்லும் அறிவிப்புப் பலகையைப் படித்த பிறகுதான் அப்பாவுக்கு இந்தக் கோட்டையின் மேல் சற்று மதிப்பு வந்தது.

மதியத்துக்குக் கார்ன்வாலின் புகழ்பெற்ற பாஸ்டி வாங்கினோம். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், இங்கே டர்னிப் என்று அழைக்கப்படும் ஒரு மஞ்சள் கிழங்கு ஆகியவற்றை மாவில் பொதிந்து, ஓரத்தைப் பின்னல் போல் மடித்துச் சுடுவது வழக்கம்; 2011இலிருந்து இதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. வெள்ளிக்கிழமை என்பதால் அம்மா பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்ததைச் சாப்பிட்டார். மிளகாய்ப்பொடி இருந்தால் தேவலை என்றார்.

சனி: பாஸ்காஸில் வழியாக செயின்ட் ஐவ்ஸ்

காலையில் பாஸ்காஸில் துறைமுகத்தில் சிறிது நேரம் நின்றோம். வளைந்து நெளிந்து உள்ளே வரும் கடல் கால்வாயின் முனையில், 1584இல் ரிச்சர்டு கிரென்வில் கட்டுவித்த அலைதடுப்புச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிற்றூர் இது. 2004 ஆகஸ்ட் 16 அன்று மேட்டில் கொட்டிய மழை இந்தப் பள்ளத்தாக்கின் ஆறுகளில் ஒன்றாகத் திரண்டு, வண்டிகளையும் வீடுகளின் பகுதிகளையும் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. கூரைகளிலும் மரங்களிலும் தொற்றியிருந்த சுமார் 100 பேரை ஹெலிகாப்டர்கள் தூக்கிக் காப்பாற்றியதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இப்போது பார்த்தால் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடுகிறது.

செயின்ட் ஐவ்ஸைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது. கடற்கரை அழகானதுதான், ஆனால் விடுமுறைச் சனிக்கிழமையில் அந்தச் சந்துகளில் நடப்பது திருவிழாக் கூட்டத்தில் தேரோடு நகர்வதைப் போன்றது. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கடலோர ரயிலில் வருவதே அறிவுடைமை. கடற்பறவை ஒன்று என் கணவர் கையிலிருந்த ஐஸ்கிரீமைக் கூம்போடு பறித்துச் சென்றது பிள்ளைகளுக்கு அன்றைய நாளின் உச்சம். எனக்கு உச்சம் பார்பரா ஹெப்வொர்த்தின் தோட்டம். 1949 முதல் 1975இல் தீவிபத்தில் இறக்கும் வரை அவர் இங்கே வாழ்ந்து சிற்பம் செய்தார். நடுவே துளையிட்ட வெண்கல உருவங்கள் செடிகளுக்கிடையே அவர் வைத்தபடியே நிற்கின்றன. அரை மணி நேரம் அங்கே உட்காரக் கிடைத்தது.

ஞாயிறு: லெவான்ட், போட்டாலக், கீவர்

இந்தப் பயணத்தை நான் திட்டமிட்டதே இன்றைய நாளுக்காக. செயின்ட் ஐவ்ஸிலிருந்து மேற்கே போகும் கரையோரச் சாலையில் வயல்கள் சிறுத்து, கருங்கல் வேலிகள் பெருத்து, பெண்டீன் அருகே வந்ததும் வானத்தின் விளிம்பில் புகைக்கூண்டுகள் எழத் தொடங்குகின்றன. கார்ன்வால், மேற்கு டெவான் சுரங்க நிலப்பரப்பு 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தொலைக்காட்சித் தொடர்களின் புண்ணியத்தில் படம் எடுக்க வருபவர்களும் பெருகிவிட்டார்கள்.

போட்டாலக்கில் கிரவுன்ஸ் எனப்படும் இரண்டு இயந்திரக் கூடங்கள் செங்குத்துப் பாறையின் அடிப்பகுதியில், அலை மோதும் இடத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஏன் கட்டினார்கள் என்று மகள் கேட்டாள். அப்பா ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் கருங்கல் குழம்பாக எழுந்து குளிர்ந்தபோது, விரிசல்களில் ஏறிய வெந்நீர் வெள்ளீயத்தையும் செம்பையும் படியவிட்டுச் சென்றது. அந்தப் படிவு நரம்புபோல் ஓடும் திசைக்குத்தான் சுரங்கமும் போக வேண்டும். இங்கே அந்த நரம்புகள் கரையோடு நிற்காமல் கடலுக்கு அடியில் ஓடுகின்றன. ஆகவே மனிதர்களும் கடலுக்கு அடியில் போனார்கள். புயல் நாள்களில் தலைக்கு மேலே கடலடிப் பாறைகள் உருளும் ஓசை வேலை செய்பவர்களுக்குக் கேட்குமாம். 1865இல் வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் போட்டாலக்கின் சாய்வுச் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்தார்கள். அதன் பிறகு கடலடிச் சுரங்கத்தைப் பார்ப்பது நாகரிகமாகவே ஆகிவிட்டது.

படங்களில் யாரும் காட்டாத ஒன்று மேட்டின் மேலே இருக்கிறது. வெள்ளீயத் தாதுவோடு கலந்து வரும் ஆர்செனிக்கைப் பிரிப்பதற்காகத் தாதுவைச் சுட்டு, அந்தப் புகையை வளைந்து வளைந்து செல்லும் கல் அறைகளின் வழியே செலுத்தினார்கள். சுவரில் வெள்ளைத் தூளாகப் படிந்த நஞ்சை ஆட்கள் உள்ளே சென்று கையால் சுரண்டி எடுத்தார்கள். மூக்கில் பஞ்சும், தோலில் களிமண்ணும்தான் அவர்களுக்குக் காப்பு. அந்த அறைகளின் எச்சம் இன்னும் நிற்கிறது. தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவான தங்கவயலின் சயனைடு மேடுகளின் தூசியில் வளர்ந்த அம்மா அந்த இடத்தில் நிற்கப் பிடிக்காமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்.

லெவான்ட் அங்கிருந்து சிறிது தூரம். 1840இல் செய்த நீராவி இயந்திரம் ஒன்று இங்கே அதன் பழைய கூடத்திலேயே இருக்கிறது. சுரங்கம் 1930இல் மூடப்பட்டபின் உள்ளூர் ஆர்வலர்கள் உடைத்து விற்கவிடாமல் காத்து, பல ஆண்டுகள் பாடுபட்டுச் சீர்செய்ததால் 1993இல் அது மீண்டும் நீராவியில் ஓடியது. ஆனால் லெவான்டின் பெயர் நினைவில் நிற்பது வேறு ஓர் இயந்திரத்தால்.

ஆழம் கூடக்கூட, வேலை முடித்தவர்கள் ஏணியில் ஏறி வருவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்கு மாற்றாக 1857இல் இங்கே ஆளேற்றும் பொறி ஒன்றை அமைத்தார்கள். குழியின் உச்சியிலிருந்து அடிவரை தொங்கும் நீண்ட மரத்தண்டு, நீராவி இயந்திரத்தின் விசையால் 12 அடி மேலே போகும், 12 அடி கீழே வரும். தண்டிலும் குழியின் சுவரிலும் 12 அடிக்கு ஒன்றாகச் சிறு படிகள் இருக்கும். தண்டின் படியில் நின்றால் அது 12 அடி தூக்கும். அது நிற்கும் கணத்தில் சுவர்ப் படிக்குக் கால் மாற்றிக்கொள்ள வேண்டும். தண்டு கீழே இறங்கி, அதன் அடுத்த படி மேலிருந்து வந்ததும் மறுபடி தண்டுக்கு. இப்படியே மாறி மாறி இருட்டில் மேலே வர வேண்டும். 1919 அக்டோபர் 20 அன்று பிற்பகல், வேலைநேரம் முடிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் ஏறிக்கொண்டிருந்தபோது, தண்டின் தலைப்பை இயந்திரத்தோடு இணைத்திருந்த இரும்பு இணைப்பு முறிந்தது. 31 பேர் இறந்தார்கள். அந்தப் பொறிக்குப் பதிலாக வேறொன்று வைக்கப்படவேயில்லை. சுரங்கத்தின் அடிமட்டங்களும் கைவிடப்பட்டன.

தண்டு அசைந்த குழியின் வாயை இப்போது பார்க்கலாம். அப்பா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். "1919இலா? அப்போது நம் ஊரில் மின்சாரம் வந்து பதினேழு வருடம் ஆகிவிட்டதே" என்று மட்டும் சொன்னார். சிவசமுத்திரத்திலிருந்து கோலாருக்கு மின்சாரம் வந்தது 1902இல். அதே காலத்தில், சுரங்கத் தொழிலை உலகுக்கே கற்பித்த ஊரில், மனிதர்கள் விக்டோரியா காலத்து மரத்தண்டில் தொற்றி ஏறிக்கொண்டிருந்தார்கள். இங்கே 1860களிலேயே செம்பின் விலை சரிந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. புதிதாகப் போடப் பணம் இல்லை. வேலை தெரிந்தவர்கள் தென் ஆஸ்திரேலியாவுக்கும் மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கோலாருக்கும் கப்பலேறிவிட்டார்கள். கோலாரில் அவர்களுக்குப் பங்களாவும், அவர்களுக்குக் கீழே இறங்கிய நம்மவர்களுக்கு வரிசை வீடுகளும் கிடைத்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொந்த ஊரில் ஏணியில் ஏறியவர் கடல் கடந்ததும் துரை ஆகிவிட்டார்.

கீவர் சுரங்கம் 1990 வரை ஓடியது. 1985இல் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தபோது விழுந்த அடியிலிருந்து அது மீளவில்லை. இப்போது அருங்காட்சியகம். வழிகாட்டிகளில் பலர் முன்பு இங்கேயே வேலை பார்த்தவர்கள். தலைக்கவசம் அணிந்து, குனிந்தே நடக்க வேண்டிய 18ஆம் நூற்றாண்டுச் சுரங்க வழியில் எங்களை அழைத்துப்போன பெரியவர், அப்பா பாறையைத் தட்டிப் பார்க்கும் விதத்தைக் கவனித்து, "எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். கோலார் என்றதும் கையைப் பற்றிக்கொண்டார். அதன் பிறகு குழுவில் இருந்த மற்றவர்களுக்குச் சுற்றுலா முடிந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். கடல் உடைத்து உள்ளே வந்த லெவான்டின் பழைய பகுதியை 1960களில் கீவர்க்காரர்கள் எப்படி அடைத்து நீரை இறைத்தார்கள் என்று அவர் விளக்க, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் சாம்பியன் ரீஃபின் பாறை எப்படி வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடிக்கும் என்று அப்பா விளக்க, இருவருக்கும் இடையில் மொழிபெயர்க்க நின்ற நான் சிறிது நேரத்தில் தேவையற்றவள் ஆனேன்.

வேலைக்காரர்கள் உடை மாற்றும் கூடத்தைக் கடைசி நாள் இருந்தபடியே விட்டுவைத்திருக்கிறார்கள். அலமாரிகளில் ஒட்டிய படங்கள், தொங்கும் அழுக்கு உடைகள், காலணிகள். கோலார் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28. அங்கே இப்படி ஒரு கூடத்தை யாரும் வைத்துக் காக்கவில்லை என்று அப்பா கசப்போடு சொன்னார். எனக்கும் அதே எண்ணம்தான்.

திங்கள்: லேண்ட்ஸ் எண்ட், மினாக், போர்த்கர்னோ

இங்கிலாந்தின் மேற்குக் கோடி முனையான லேண்ட்ஸ் எண்டில் பார்க்க வேண்டியது கடல் மட்டுமே. அதைச் சுற்றி எழுப்பியிருக்கும் கேளிக்கைக் கூடங்களுக்குப் பணம் கட்டுவதைத் தவிர்க்கலாம். அதே கடலை, அதைவிட அமைதியாக, சற்று வடக்கே கேப் கார்ன்வாலில் காணலாம். பழைய சுரங்கம் ஒன்றின் புகைக்கூண்டு அந்த முனையின் உச்சியில் கப்பல்களுக்கு அடையாளமாக நிற்கிறது.

மினாக் அரங்கம் கரும்பாறைச் சரிவில் செதுக்கிய திறந்தவெளி நாடகமேடை. ரோவெனா கேட் என்ற பெண்மணி தன் வீட்டுத் தோட்டத்துக்குக் கீழே இருந்த பாறையில் 1930களின் தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்து, 1932இல் ஷேக்ஸ்பியரின் புயல் நாடகத்தை அங்கே மேடையேற்ற உதவினார். அதன்பின் ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும், தோட்டக்காரர் ஒருவரின் துணையோடு, கடற்கரையிலிருந்து மணலைச் சுமந்து ஏற்றிச் சிமெண்டில் இருக்கைகள் வார்த்தார். ஈரம் காயுமுன் திருப்புளியால் அதில் கோலங்கள் கீறினார். கோடீஸ்வரர் கட்டியதாக நினைத்துக்கொண்டு வந்த எனக்கு அந்தக் கீறல்களைத் தொட்டுப் பார்த்தபோது வியப்பு அடங்கவில்லை.

கீழே தெரியும் வெண்மணல் கரைதான் போர்த்கர்னோ. அங்கே மணலுக்கு மேல் சிறிய வெள்ளைக் குடில் ஒன்று இருக்கிறது; கடலுக்கு அடியிலிருந்து வந்த தந்திக் கம்பிவடங்கள் கரையேறிய இடம் அது. 1870இல் இந்தக் கரையிலிருந்து ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய்க்கு இணைப்பு முழுமை பெற்றது. ஏடனுக்கும் பம்பாய்க்கும் இடையிலான வடத்தை கிரேட் ஈஸ்டர்ன் என்ற மாபெரும் கப்பல் இட்டது. அதற்கு முன் தரைவழித் தந்தி பல நாட்டு ஊழியர்களின் கை மாறி நாள்கணக்கில் வந்து, எழுத்தும் சிதைந்து சேரும். கடிதமோ வாரக்கணக்கில் போகும். கடல்வழி வந்தபின் லண்டனின் கேள்விக்குப் பம்பாயின் விடை நிமிடங்களில் வந்தது. செம்புக் கம்பியைக் கடல்நீரிலிருந்து காத்த உறை மலாயாவிலும் போர்னியோவிலும் வளரும் மரங்களின் பால்; அதற்காக மரங்களை வெட்டியே சாய்த்தார்கள். கோலாரின் மாதாந்தரத் தங்கக் கணக்கும் லண்டன் பங்குதாரர்களுக்கு இப்படித்தானே போயிருக்கும் என்று என் கணவர் ஊகித்தார். இரண்டாம் உலகப் போரின்போது நிலையத்தைக் குண்டுகளிலிருந்து காக்கக் கருங்கல் மலைக்குள் குடைந்த அறைகளில் இப்போது அருங்காட்சியகம் இயங்குகிறது. குடைந்தவர்கள் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை; கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள். மகள் மோர்ஸ் குறியில் தன் பெயரை அனுப்பக் கற்றுக்கொண்டாள். இரவெல்லாம் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

செவ்வாய்: மௌசல்

மௌசல் என்ற மீனவச் சிற்றூரை 1595இல் ஸ்பானியர்கள் கரையிறங்கி எரித்தார்கள். ஆனால் ஊரார் இன்றும் பேசும் நாள் 1981 டிசம்பர் 19. சூறாவளிக் காற்றில் இயந்திரம் நின்றுபோய் பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்ட யூனியன் ஸ்டார் என்ற சரக்குக் கப்பலில் 8 பேர் இருந்தார்கள். அவர்களை மீட்க ஊரிலிருந்து சாலமன் பிரவுன் என்ற மீட்புப் படகில் 8 தன்னார்வலர்கள் புறப்பட்டார்கள். நால்வரை ஏற்றிக்கொண்டதாக வானொலியில் சொல்லிவிட்டு, மீதியுள்ளவர்களுக்காக மறுபடியும் நெருங்கினார்கள். 16 பேரும் இறந்தனர். இந்தக் கரையில் மீட்புப் படகு நடத்துவது அரசு அல்ல, நன்கொடையில் இயங்கும் அறக்கட்டளை; படகில் போவோர் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். சில நாள்களுக்குள்ளேயே இறந்தவர்களுக்குப் பதிலாகப் படகில் ஏற ஊரிலிருந்து போதிய ஆட்கள் முன்வந்துவிட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் துறைமுகத்தின் கிறிஸ்துமஸ் விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்துவைக்கிறார்கள். பழைய படகுக் கூடம் அன்றிருந்தபடியே சாலையோரம் இருக்கிறது. பக்கத்தில் சிறு நினைவுத் தோட்டம்.

மாலையில் செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் என்ற சிறு தீவுக்குக் கல்பாதை வழியே நடந்து போய், கடல் பாதையை மூடிவிட்டதால் படகில் திரும்பினோம். போகிறவர்கள் கடலேற்ற அட்டவணையை முந்தைய இரவே பார்த்து வைத்துக்கொள்ளவும்.

புதன்: கேம்போர்ன், வீடு

திரும்பும் வழியில் ஏ30 சாலையை விட்டு விலகி கேம்போர்னுக்குள் போகச் சொன்னது அப்பா. 1801 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இந்த ஊரின் மேட்டில் நீராவி வண்டியை ஓட்டிக் காட்டிய ரிச்சர்டு டிரெவிதிக்கின் சிலை நூலகத்தின் முன் நிற்கிறது. அருகில் சவுத் கிராஃப்டி, 1998இல் மூடப்பட்ட, கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கம். மின்னணுப் பொருள்களில் பற்றவைப்புக்கு வெள்ளீயம் வேண்டியிருப்பதால் விலை ஏறி, இப்போது அதைத் திறக்க உள்ளே நிரம்பிய நீரை இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பிவேலிக்கு வெளியே நின்றபடி ஷாஃப்டின், அதாவது சுரங்கத்தில் இறங்கும் குழியின், மேல்கோபுரத்தைப் பார்த்த அப்பா, கோலாரிலும் இதைச் செய்ய முடியாதா என்ற என் கணவரின் கேள்விக்கு உடனே தலையசைக்கவில்லை. ஆழம், நீரின் அளவு, அழுகிப்போன ஷாஃப்டு மரங்கள், வெடிக்கும் பாறை, அதைவிட முக்கியமாகக் கீழே வழி தெரிந்தவர்களின் வயது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தங்கத்தின் இன்றைய விலையைச் சொல்லி என் கணவர் மறுத்தார். எக்ஸெட்டரைத் தாண்டும் வரை வாதம் ஓயவில்லை. பிரிஸ்டல் அருகே நெரிசலில் நின்றபோது அப்பா என் மகளின் வரைபடப் புத்தகத்தின் பின்னட்டையில் சாம்பியன் ரீஃபின் மட்டங்களை வரைந்து, பம்புகளை எங்கெங்கே வைக்க வேண்டியிருக்கும் என்று குறித்துக்கொண்டிருந்தார்.